கனமான மோட்டார் சைக்கிளுக்கு எந்த ரயர்?



வாகனப் பராமரிப்புப் பற்றிக் கடந்த மாதம் நமது வானொலியில் நான் பேசியபோது, கார்களைப் பற்றித்தான் கேள்விகள் வரும் என்று எதிர்பார்த்தேன். ஆனால் வந்த தொலைபேசி அழைப்புகளில் அரைவாசிக்கு மேல் மோட்டார் சைக்கிள் பற்றியவை. அவற்றிலும் பெரும்பாலானவை ஒரே கேள்விதான்: "அண்ணை, றோட்டை நல்லா இறுக்கிப் பிடிக்கிற ரயர் எது?" நிகழ்ச்சி நேரத்துக்குள் இதற்கு முழுமையாகப் பதில் சொல்ல முடியவில்லை. மெல்பேர்ணில் ரயர் மாற்றும் கடை ஒன்றில் பல வருடங்களாக வேலை செய்பவன், கனமான வண்டி ஒன்றை ஓட்டுபவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை இங்கே எழுத்தில் தருகிறேன்.

கேட்டவர்களில் பலர் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இளைஞர்களாக இந்த நாட்டுக்கு வந்தவர்கள். வீட்டுக்கடன், பிள்ளைகளின் படிப்பு என்று ஓடிவிட்டு இப்போதுதான் சற்று மூச்சு விடுகிறார்கள். ஊரில் ஹொண்டா எம்.டி. 90 ஓட்டிய கைகள் இவை. அந்த வண்டியின் எடை 100 கிலோவும் இல்லை. இப்போது அதே கைகள் பிடித்திருப்பது 300 கிலோ எடையுள்ள இயந்திரத்தை. பின்னால் மனைவியை இருத்தி, இரண்டு பக்கமும் பெட்டிகளைப் பூட்டி, மலைப்பாதைகளில் போகிறார்கள். ஆகவே இது வெறும் பொழுதுபோக்குச் சமாசாரம் இல்லை. இரண்டு உயிர்களுக்கும் வீதிக்கும் இடையில் இருப்பது அந்த இரண்டு ரயர்கள் மாத்திரமே.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். "ஆக மென்மையான ரயர்தான் ஆக நன்றாகப் பிடிக்கும்" என்று பலர் நினைக்கிறார்கள். பந்தய ஓட்டக்காரனுக்கு அது சரி. கனமான வண்டியில் இருவராக நெடுந்தூரம் போகிறவருக்கு அது சரிவராது. அவருக்குப் பிடி என்பது மூன்று விடயங்கள் சேர்ந்து வருவது: பாரத்தைத் தாங்கும் உடற்கட்டு, அவர் ஓடும் வெப்பநிலையில் வேலை செய்யும் இறப்பர், சரியான காற்றழுத்தம். இவற்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டால் அதை ஈடுசெய்ய முடியாது.

எந்த வண்டியைப் பற்றிப் பேசுகிறோம்?

கடைக்காரர்கள் 'ஸ்போர்ட் ரூறிங்' என்று சொல்லும் வகை இது. வளைவுகளில் ஓட்டப்பந்தய வண்டி போலத் திரும்பும். அதேவேளை இருவரையும் பெட்டிகளையும் சுமந்துகொண்டு ஒரு நாளைக்கு 700, 800 கிலோமீற்றர் போகும். யமஹா எவ்.ஜே.ஆர். 1300 இதற்கு நல்ல உதாரணம். 2001இல் அறிமுகமான இந்த வண்டியின் பிந்திய மாதிரிகள் பெற்றோல் நிரப்பிய நிலையில் ஏறக்குறைய 290 கிலோ. ஹொண்டா எஸ்.ரி. 1300, கவசாகி 1400 ஜீ.ரி.ஆர்., பி.எம்.டபிள்யூ. கே 1600 ஜீ.ரி. ஆகியவை 300 கிலோவைத் தாண்டியவை. ஆயிரம் சி.சி. ஓட்டப்பந்தய வண்டி ஒன்று 200 கிலோ அளவில்தான் இருக்கும்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். வண்டி 290 கிலோ. தலைக்கவசம், தோல் அங்கி எல்லாவற்றோடும் ஓட்டுபவர் 85. பின்னால் இருப்பவர் 65. பெட்டிகளில் 30. மொத்தம் 470 கிலோ. பின்னால் ஓர் ஆளும் பெட்டிகளும் இருப்பதால் பாரத்தில் கூடிய பங்கு பின்சில்லுக்குப் போகும். பின்சில்லில் 275 கிலோ, முன்சில்லில் 195 கிலோ என்று வைத்துக்கொள்வோம்.

இந்தப் பாரத்தைத் தாங்குவது எவ்வளவு இறப்பர்? பாரத்தைக் காற்றழுத்தத்தால் பிரித்தால், வீதியைத் தொடும் பரப்பு ஏறக்குறைய வந்துவிடும். பின்சில்லில் 290 கிலோபாஸ்கல், அதாவது 42 பி.எஸ்.ஐ. காற்று இருந்தால், தொடும் பரப்பு சுமார் 90 சதுர சென்ரிமீற்றர். முன்சில்லில் அது இன்னும் குறைவு. விரல்களை மடக்கிவிட்டு உங்கள் உள்ளங்கையைப் பாருங்கள், அவ்வளவுதான். பிறேக் பிடிப்பதும், வளைவில் திரும்புவதும், மழையில் நேராகப் போவதும் இரண்டு உள்ளங்கை அளவு இறப்பரின் பலத்தில்தான்.

இதே கணக்கில் இன்னொரு கேள்விக்கும் விடை இருக்கிறது. "180க்குப் பதிலாக 190 அகல ரயர் போட்டால் பிடி கூடுமா?" என்று அடிக்கடி கேட்கிறார்கள். தொடும் பரப்பின் அளவைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் பாரமும் காற்றும்தான். ரயர் அகலமானால் அந்தப் பரப்பின் வடிவம் மாறுமே தவிர, அளவு பெரிதாகக் கூடாது. குறுகிய றிம்மில் அகல ரயரைப் பூட்டினால் அது நெரிபட்டு, அதன் வளைந்த வடிவம் கெட்டு, வண்டி சாய்ந்து திரும்புவதில் சோம்பல் காட்டும். ஆகவே கையேட்டில் உள்ள அளவையே வாங்குங்கள். எவ்.ஜே.ஆர். வண்டிக்கு அது முன்னால் 120/70-17, பின்னால் 180/55-17.

பிடி எங்கிருந்து வருகிறது?

தார் வீதியை நெருங்கிப் பார்த்தால் அது கரடுமுரடான கற்பரப்பு. இறப்பர் அந்தக் கற்களின் இடுக்குகளுக்குள் அமிழ்ந்து, அவற்றைச் சுற்றி நெளிந்து பற்றிக்கொள்கிறது. காய்ந்த வீதியில் இறப்பர் கல்லின் மேல் ஒட்டும் தன்மையும் இதோடு சேர்கிறது. மழை பெய்ததும் நடுவில் தண்ணீர்ப் படலம் வந்து அந்த ஒட்டும் தன்மையைப் பெருமளவு கெடுத்துவிடும். அப்போது கற்களின் மேல் நெளிந்து பற்றும் தன்மைதான் கை கொடுக்கும்.

நெளிவதற்கு இறப்பர் இளகி இருக்கவேண்டும். இளகுவது வெப்பநிலையைப் பொறுத்தது. இங்கேதான் பந்தய ரயரின் சிக்கல் இருக்கிறது. பந்தயத் திடலில் வண்டி புறப்பட முதல் ரயர்களுக்கு மின்போர்வை சுற்றி 80 பாகை அளவுக்குச் சூடாக்குவார்கள். அந்த இறப்பர் அந்தச் சூட்டில் வேலை செய்வதற்காகவே கலக்கப்பட்டது. அந்த இனத்தை அண்டிய வீதி ரயர் ஒன்றைப் பூட்டிக்கொண்டு, யூன் மாதக் காலையில் ஹீல்ஸ்வில்லிலிருந்து மேரிஸ்வில் நோக்கிப் புறப்படுகிறீர்கள் என்று வையுங்கள். பிளாக் ஸ்பேர் பாதையில் உயர்ந்த மரங்கள் வெயிலை மறைத்து நிற்கும். வீதி மத்தியானம் வரை ஈரமாகவே கிடக்கும். மேலே இலையும் மரப்பட்டையும். காற்று 4, 5 பாகை. அந்த ரயர் தனக்கு வேண்டிய சூட்டை அடையவே அடையாது. விலை கூடிய, மென்மையான, 'ஒட்டும்' ரயர் அங்கே சாதாரண ரயரைவிடக் குறைவாகப் பிடிக்கக்கூடும்.

இதற்காகத்தான் இறப்பர்க் கலவையில் சிலிக்காவைச் சேர்க்கிறார்கள். முன்னர் இறப்பரைப் பலப்படுத்தக் கரித்தூளையே பெரும்பாலும் பயன்படுத்தினார்கள். சிலிக்கா கூடிய கலவை குளிரிலும் நெளியும் தன்மையை இழக்காது. ஈர வீதியில் நன்றாகப் பற்றும். இன்றைய நல்ல ஸ்போர்ட் ரூறிங் ரயர்கள் எல்லாவற்றிலும் சிலிக்கா தாராளமாக இருக்கிறது. புறப்பட்டுச் சில கிலோமீற்றருக்குள்ளேயே அவை வேலை செய்யத் தொடங்கிவிடும்.

நடுவில் கடினம், ஓரத்தில் மென்மை

நெடுந்தூர ஓட்டத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. மெல்பேர்ணிலிருந்து சிட்னிக்கு ஹியூம் நெடுஞ்சாலை வழியாக 900 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. அந்தத் தூரம் முழுவதும் வண்டி நேராகவே நிற்கிறது. தேய்வது ரயரின் நடுப்பகுதி மாத்திரம். அவுஸ்திரேலிய நாட்டுப்புற வீதிகளில் தாரின் மேல் பரப்பப்படும் பருமனான கற்கள் இந்தத் தேய்மானத்தை இன்னும் கூட்டும். நடு தட்டையாகி, ஓரம் அப்படியே இருந்தால், இரண்டுக்கும் இடையில் ஒரு விளிம்பு உண்டாகிவிடும். பிறகு வளைவில் வண்டியைச் சாய்க்கும்போது அது முதலில் மறுக்கும். அந்த விளிம்பைத் தாண்டியதும் தொப்பென்று விழுவதுபோல் சாயும். 300 கிலோ வண்டியில், பின்னால் ஓர் ஆளோடு, நடு வளைவில் இந்த உணர்வு நல்லதல்ல.

இதற்கான தீர்வு ஒரே ரயரில் இரண்டு இறப்பர்கள். நடுவில் தேயாத கடினமான கலவை; இரண்டு ஓரத்திலும் பிடிக்கும் மென்மையான கலவை. நேராகப் போகும்போது கடினம் வேலை செய்கிறது, சாயும்போது மென்மை வேலை செய்கிறது. மிஷெலின் நிறுவனம் 2007இல் வெளியிட்ட பைலட் றோட் 2 இந்த முறையை நெடுந்தூரம் ஓடுபவர்களிடையே பிரபலமாக்கியது. 2011இல் வந்த பைலட் றோட் 3 ரயரில், தண்ணீர்ப் படலத்தை அறுத்து உறிஞ்சுவதற்கென்று மெல்லிய கீறல்களை வெட்டினார்கள். இன்று ஏறக்குறைய எல்லாப் பெரிய நிறுவனங்களிடமும் இத்தகைய ரயர்கள் உண்டு.

ஆகவே கடைத் தட்டில் உள்ளவற்றை இப்படிப் பிரித்துப் பாருங்கள். ஒரு முனையில் பந்தயத் திடல் ரயர். அதற்கு அடுத்து வீதியில் ஓடக்கூடிய ஸ்போர்ட்ஸ் ரயர். பிறகு ஸ்போர்ட் ரூறிங். மறு முனையில் பெரிய குறூஸர் வண்டிகளுக்கான, தேயவே தேயாத கடினமான ரயர். நமக்கு வேண்டியது மூன்றாவது. ஸ்போர்ட்ஸ் ரயர் கனமான வண்டியில் 4,000, 5,000 கிலோமீற்றரில் முடிந்துபோவதை எங்கள் கடையில் பல தடவை பார்த்திருக்கிறேன். ஸ்போர்ட் ரூறிங் ரயர் அதே வண்டியில் 10,000 கிலோமீற்றரை அண்டிப் போகும். பிடியை எடுத்துக்கொண்டாலும், வீதிச் சட்டத்துக்குள் ஓடுகிறவர் எவரும் இன்றைய நல்ல ஸ்போர்ட் ரூறிங் ரயரின் எல்லையைத் தொடப்போவதில்லை. மழையிலும் குளிரிலும் அது முந்தியும் நிற்கும்.

கனத்துக்கென்று தனி ரயர்

இந்த இடத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். நல்ல ரயரின் பெயரைக் கேட்டறிந்து, அளவையும் பார்த்து, இணையத்தில் மலிவாக வாங்கிக்கொண்டு கடைக்கு வருகிறார்கள். ஆனால் அதே பெயரில், அதே அளவில், இரண்டு வகை இருக்கலாம் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை.

மிஷெலின் 2014இல் பைலட் றோட் 4 ரயரை வெளியிட்டபோது, சாதாரண வகையோடு 'ஜீ.ரி.' என்ற வகையையும் சேர்த்து வெளியிட்டது. 2022இல் வந்த றோட் 6 ரயரிலும் ஜீ.ரி. உண்டு. பிறிஜ்ஸ்ரோன் ரி 31, ரி 32 ரயர்களிலும், கொன்ரினென்ரல் றோட் அற்றாக் 3, 4 ரயர்களிலும் ஜீ.ரி. வகை இருக்கிறது. பிரெல்லி ஏஞ்சல் ஜீ.ரி. ரயரில் கனமான வண்டிக்கான வகைக்கு 'ஏ' என்ற எழுத்து. இங்கே ஒரு குழப்பம்: பிரெல்லியில் 'ஜீ.ரி.' என்பது ரயரின் பெயர். கனத்துக்கான அடையாளம் அந்த 'ஏ'தான். மெற்சிலர் றோட்ரெக் 01 ரயரில் அது 'எச்.டபிள்யூ.எம்.'.

பெயர் எதுவானாலும் கருத்து ஒன்று. இறப்பரின் அடியில் உள்ள நூல்களாலும் கம்பிகளாலும் ஆன உடற்கட்டை இந்த வகையில் பலமாகக் கட்டியிருக்கிறார்கள். சாதாரண வகையைக் கனமான வண்டியில் பூட்டினால், வளைவிலும் பிறேக் பிடிக்கும்போதும் அந்த உடல் அளவுக்கு மிஞ்சி நெளியும். வண்டி மிதப்பதுபோல் தோன்றும், ரயர் கூடச் சூடாகும், கெதியில் தேயும். மேலே உள்ள இறப்பர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், கீழே உள்ள உடல் அதை வீதியில் ஒழுங்காக அழுத்தி வைத்திருக்காவிட்டால் பயன் இல்லை. ஆகவே கடையில் கேட்கவேண்டிய முதல் கேள்வி, "இதில் கனமான வண்டிக்கென்று தனி வகை இருக்கிறதா?" என்பதுதான். தனியாகப் பயணிக்கும் 210 கிலோ வண்டிக்காரர் இதை வாங்கத் தேவையில்லை. அவருக்கு அது முரடாக இருக்கும்.

ரயரின் பக்கச் சுவரை வாசிப்பது

பக்கச் சுவரில் உள்ள எழுத்துகளைப் பெரும்பாலானோர் பார்ப்பதில்லை. அளவுக்குப் பின்னால் ஓர் இலக்கமும் ஓர் எழுத்தும் இருக்கும். அந்த இலக்கம் பாரச் சுட்டி. 58 என்றால் 236 கிலோ, 73 என்றால் 365 கிலோ, 75 என்றால் 387 கிலோ. எழுத்து வேக எல்லை. எச் என்றால் மணிக்கு 210 கிலோமீற்றர், வி என்றால் 240, டபிள்யூ என்றால் 270.

நாம் போட்ட கணக்கைத் திரும்பப் பாருங்கள். முன்சில்லில் 195 கிலோ. 120/70-17 ரயரின் வழமையான சுட்டி 58, தாங்கக்கூடியது 236. பின்சில்லில் 275, 180/55-17 ரயரின் சுட்டி 73, தாங்கக்கூடியது 365. இடைவெளி இருக்கிறது, ஆனால் பெரிய இடைவெளி என்று சொல்லமாட்டேன். பிறேக்கை இறுக்கிப் பிடிக்கும்போது பாரம் முன்னுக்குத் தள்ளப்படுகிறது. இன்னொன்று: ரயர் அந்த உச்சப் பாரத்தைத் தாங்குவது அதற்குரிய முழுக் காற்றும் இருக்கும்போதுதான். காற்றுக் குறையக் குறையத் தாங்கும் பாரமும் குறையும். வண்டிக்கும் தனியாக ஆகக்கூடிய சுமை என்று ஓர் அளவு கையேட்டில் உண்டு. கூடாரம், சமையல் அடுப்பு எல்லாம் ஏற்ற முதல் அதையும் பாருங்கள்.

பக்கச் சுவரில் டி.ஓ.ரி. என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கங்கள் ரயர் பிறந்த நாள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் கிழமை. மலிவு விற்பனையில் வாங்கும்போது இதை வடிவாகப் பாருங்கள். இறப்பர் கிடந்தாலும் வயது போகும், இறுகிக்கொண்டே வரும். ஐந்து வருடம் கடந்த ரயரை வருடத்துக்கு ஒரு தடவையாவது தெரிந்தவரிடம் காட்டிச் சோதியுங்கள். பத்து வருடமானால், பூ எவ்வளவு இருந்தாலும் கழற்றிவிடுங்கள். வருடத்தில் நான்கு தடவை மாத்திரம் வண்டியை வெளியே எடுக்கும் நம்மவர்களுக்கு இது முக்கியம். அவர்களின் ரயர் தேய்ந்து முடிவதற்கு முன்னர் முதுமை வந்துவிடுகிறது.

காற்று: செலவில்லாத பிடி

ஆயிரம் டொலர் கொடுத்து வாங்கினாலும், காற்றுச் சரியில்லாவிட்டால் அது நல்ல ரயர் இல்லை. இந்த வகை வண்டிகளில் கையேடு சொல்லும் அளவு பெரும்பாலும் 36 முதல் 42 பி.எஸ்.ஐ. வரை இருக்கும். உங்கள் வண்டிக்கு உரியதைக் கையேட்டிலோ வண்டியில் ஒட்டியுள்ள தாளிலோ பாருங்கள். நண்பர் சொன்ன அளவு நண்பரின் வண்டிக்கு.

"காற்றைக் கொஞ்சம் குறைத்தால் பிடி கூடும்" என்ற கதை பந்தயத் திடலிலிருந்து வந்தது. அங்கே பாரம் குறைவு, சூடு கூட, ஓட்டம் சில நிமிடங்கள். கனமான வண்டியில் காற்றைக் குறைத்தால் ரயரின் பக்கச் சுவர் ஓயாமல் நெளிந்து உள்ளுக்குள் சூடேறும். ஜனவரி மாதத்தில் 40 பாகை வெயிலில், 110 கிலோமீற்றர் வேகத்தில், இருவரோடும் பெட்டிகளோடும் போகும்போது அந்தச் சூடு ரயரின் உடலையே பிரித்துவிடக்கூடியது. மழையில் இன்னொரு பாதிப்பு: காற்றுக் குறைந்த ரயரின் வெட்டுகள் நெரிபட்டு மூடுவதால் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் போகும். காற்றை மிஞ்சி அடித்தாலும் தவறு. தொடும் பரப்பு சுருங்கும், நடு கெதியாகத் தேயும், குண்டு குழியில் வண்டி துள்ளும்.

அழுத்தத்தை அளப்பது எப்போதும் ஓட முதல், ரயர் குளிர்ந்திருக்கும்போது. வெப்பநிலை 10 பாகை மாறினால் இந்த ரயர்களில் ஏறக்குறைய 2 பி.எஸ்.ஐ. மாறும். மாசி மாத வெக்கையில் அடித்த காற்று ஆடி மாதக் காலையில் 5 பி.எஸ்.ஐ. குறைந்து நிற்பது இதனால்தான். ரயரில் ஓட்டை இருக்கவேண்டியதில்லை. பெற்றோல் நிலையத்துக்கு ஓடிப்போய் அளந்தால் சூட்டில் கூடக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றைத் திறந்துவிடுபவர்களும் உண்டு. அப்படிச் செய்யாதீர்கள். நல்ல அளவுமானி ஒன்றை வாங்கி வீட்டில் வைத்திருங்கள். ரயரின் விலையோடு பார்த்தால் அது ஒரு காசே இல்லை. பின்னால் ஆளை ஏற்றும் நாளில், கையேடு சொன்னால், பின் அதிர்வுதாங்கியின் இறுக்கத்தையும் கூட்டுங்கள். பின்பக்கம் அமிழ்ந்தால் முன்சில்லின் பாரம் குறைந்து, அதன் பிடியும் குறையும்.

பூட்டும்போதும் கழற்றும்போதும்

முடிந்தவரை முன்னும் பின்னும் ஒரே நிறுவனத்தின் ஒரே வகையாக இருக்கட்டும். அவை ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகும்படி வடிவமைக்கப்பட்டவை. பின் ரயர் முன்னதைவிட முதலில் முடியும். அப்போது முன்னதிலும் பாதிக்கு மேல் போயிருந்தால் இரண்டையும் சேர்த்து மாற்றிவிடுவதே நல்லது.

புதிய ரயரின் மேற்பரப்பு அச்சிலிருந்து வந்த வழவழப்போடு இருக்கும். முதல் 150 கிலோமீற்றர் வரை நிதானமாக ஓடுங்கள். சாய்வைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். கடை வாசலிலேயே புது ரயரோடு வழுக்கி விழுந்தவர்களை நான் கண்டிருக்கிறேன். பூட்டித் தரும்போது இதைச் சொல்லாமல் நான் எவரையும் அனுப்புவதில்லை.

கார் ரயரைப் பின்சில்லில் பூட்டலாமா என்று ஒரு நேயர் கேட்டிருந்தார். 30,000 கிலோமீற்றர் ஓடுகிறது என்று சிலர் அப்படிச் செய்வது உண்மைதான். கார் சாய்ந்து திரும்புவதில்லை, ஆகவே அதன் ரயர் தட்டை. மோட்டார் சைக்கிள் சாய்ந்துதான் திரும்பும், ஆகவே அதன் ரயர் வட்டம். றிம்மில் பொருந்தும் விளிம்பின் வடிவமும் இரண்டிலும் வேறு. வண்டித் தயாரிப்பாளர்கள் இதை அனுமதிப்பதில்லை. விபத்து நடந்தால் காப்புறுதி நிறுவனம் முதலில் பார்க்கப்போவதும் அதைத்தான்.

தேய்மானத்துக்குச் சட்டம் சொல்லும் எல்லை, அவுஸ்திரேலியாவில், வீதியைத் தொடும் பகுதியில் 1.5 மில்லிமீற்றர் ஆழம். நான் மழைக்காலம் தொடங்க முதல், 2 மில்லிமீற்றரிலேயே மாற்றச் சொல்வேன். தண்ணீரை வெளியேற்றுவது அந்த வெட்டுகள்தான். அவை ஆழம் குறைந்தால் மிக நல்ல சிலிக்கா இறப்பரும் தண்ணீரின் மேல் மிதக்கும். ஆழம் இருந்தாலும் நடு தட்டையாகிவிட்டால், முன் ரயர் அலை அலையாகத் தேய்ந்திருந்தால், பக்கச் சுவரில் வெடிப்புத் தெரிந்தால், அந்த ரயரின் காலம் முடிந்தது. ஆணி ஏறியிருந்தால், பக்கச் சுவரில் எந்தத் திருத்தமும் செய்யக்கூடாது. நடுவில் என்றால் அடைப்பு வைத்து மெதுவாக வீட்டுக்கு வரலாம். இருவராகப் பயணம் போக அதை நம்பவேண்டாம்.

எந்த ரயராலும் முடியாதது

ஒன்றை மறக்கக்கூடாது. மெல்பேர்ண் ட்ராம் தண்டவாளத்தின் மேல், மழை நாளில், உலகத்தின் எந்த ரயரும் பிடிக்காது. நனைந்த இரும்பு, வீதியில் பூசிய வெள்ளைக் கோடு, நீண்ட வெயிலுக்குப் பின் வரும் முதல் மழையில் மிதக்கும் எண்ணெய், பிளாக் ஸ்பேரின் நனைந்த இலைகள் ஆகியவை எல்லாம் அந்த வகை. தண்டவாளத்தை முடிந்தவரை நிமிர்ந்து, குறுக்காகக் கடவுங்கள். அதன் மேல் பிறேக்கைத் தொடாதீர்கள். நல்ல ரயர் உங்களுக்குத் தருவது கொஞ்சம் கூடுதலான இடைவெளி. அந்த இடைவெளியை வேகமாக மாற்றிச் செலவழித்துவிட்டால், கங்காரு ஒன்று குறுக்கே பாயும்போது கையில் ஒன்றும் மிஞ்சாது.

கடைக்குப் போகும்போது இவற்றைக் கையில் எடுத்துச் செல்லுங்கள்: கையேட்டில் உள்ள அளவு, பாரச் சுட்டி, வேக எழுத்து; நீங்கள் வழமையாக ஏற்றும் பாரம்; ஓடும் காலநிலை. ஸ்போர்ட் ரூறிங் வகையில், நடுவும் ஓரமும் வேறு இறப்பரான, கனமான வண்டிக்கான அடையாளம் உள்ள, அண்மையில் செய்த ரயரைக் கேளுங்கள். இவ்வளவும் பொருந்தினால், பெரிய நிறுவனங்களில் எதை வாங்கினாலும் நீங்கள் பெரிதாகத் தவறப்போவதில்லை. அதற்குப் பின் மிஞ்சுவது ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னர் இரண்டு நிமிடம் குனிந்து காற்றை அளப்பது. பின்னால் ஏறி இருப்பவருக்குப் பிடிப்பதற்குக் கைப்பிடி மாத்திரம்தான் இருக்கிறது. வண்டி எதில் நிற்கிறது என்று அவர் பார்ப்பதுமில்லை, கேட்பதுமில்லை. அவருக்காகவும் சேர்த்துப் பார்க்கவேண்டியவர் ஓட்டுபவர்தான்.

மேலும் கேள்விகள் இருந்தால் நிலையத்துக்கு எழுதுங்கள். இடம் கிடைக்கும் மாதம் பிறேக் பற்றிப் பேசுவோம். பத்திரமாகப் போய் வாருங்கள்.